திருத்தப்பட்ட காற்று

ஜூலை 1, செவ்வாய்

காற்று தொடங்கிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் இந்தக் காற்றுக்கு ஆண்டுதோறும் என் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல்தான் கண். இன்று அது பறந்துபோய் எதிர்வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது. எடுத்துத் தரும்படி கேட்கவேண்டும். கேட்கப் போனவன் அவர்கள் வாசல்வரை போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றித் திரும்பினேன். கடைசியில் குழலி போய் வாங்கி வந்தாள்.

எந்தச் சோதனை செய்தாலும் முதலில் கருவிகளை எழுதவேண்டும் என்று கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை வதைத்தவன் நான். இயற்பியல் விரிவுரையாளர், ஓய்வு. ஆகவே கருவிகள்: ஒரு கேமரா ட்ரோன், குழலியுடையது. ஒரு கைக்காற்றுமானி, குழலி எனக்கு வாங்கித் தந்தது. ஒரு குழலி, முழுப்பெயர் குழல்வாய்மொழி, என் மகள், வயது முப்பத்து மூன்று. ஒரு கிழவன்.

அவள் அம்மா செண்பகம் படுக்கையில் விழுந்தபோது கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். செண்பகம் போன பிறகும் திரும்பிப் போகவில்லை. கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்து, அந்த உழைப்பில் இந்த ட்ரோனை வாங்கினாள். இப்போது குஜராத்தில், கட்ச் பக்கம், காற்றாலை இறக்கைகளில் விரிசல் உண்டா என்று ட்ரோன் விட்டுப் பார்க்கும் ஒரு நிறுவனம் ஆள் எடுக்கிறது. பலத்த காற்றில் பறக்கவிட்டு, தரையில் கிளம்பித் தரையில் இறங்கும்வரை வெட்டாமல் எடுத்த வீடியோ ஒன்றை ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் அவர்களுக்கு அனுப்பவேண்டும். அதற்குள் ட்ரோன் காற்றோடு போய்விட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. வேலையும் இல்லை.

அவள் விதி எளியது. மாடியில் நான் அளந்து சொல்லும் காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் பழகப் போவாள். மேலே இருந்தால் பெட்டியையே திறக்கமாட்டாள். என் சொல்லை ஒருவர் இப்படி மதிப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. பாவம், அவளுக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை.

இன்று 26 காட்டியது. மாடியில் 26 என்றால் உயரே இன்னும் கூடுதலாக இருக்கும். இது பாடப்புத்தகத்தில் உள்ளது. 31 என்று சொன்னேன். இது பொய் அல்ல, திருத்தம்.

ஜூலை 3, வியாழன்

23. முப்பத்திரண்டு என்றேன். “சரிப்பா” என்று பெட்டியை மூடிவிட்டாள். ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை. வந்துவிட்டது என்று சொன்னவரும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலிங்கம் அத்தான் வந்தார். செண்பகத்தின் அண்ணன். அம்மன் கோயில் கொடை, அதாவது ஆண்டுத் திருவிழா, அதன் கமிட்டித் தலைவர். அதைத் தேர்தல் வைத்து யாரும் கொடுக்கவில்லை; நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் அவர், எழுந்திருக்கச் சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. யாருக்கும் என்பதில் நானும் சேர்த்தி.

“ஏட்டி குழலி, ஒன் ஹெலிகாப்டர் சும்மாதான கெடக்கு?”

“அது ட்ரோன் மாமா.”

“ஏதோ ஒரு எழவு. இந்த வருசம் கொடைக்கு, குளத்தங்கரையில இருந்து மொளப்பாரி வாரத மேல நின்னு எடுக்கணும். கீழூர்க்காரன் போன வருசம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புனான்லா. அதுல அவன் கோயில் என்னமோ மதுரை மாதிரி தெரியுது. நம்மது அதவிடப் பெருசாத் தெரியணும்.”

“பெருசாக் காட்டுததுக்கு ட்ரோன் எதுக்கு மாமா? நீங்க பேசுனாலே போதுமே.”

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். காபியை ஊதிக் குடித்தார். இந்தக் காற்றில் அவர் ஊதவேண்டிய தேவையே இல்லை.

“கொடை அன்னைக்குக் காத்து இருக்குமே மாமா?”

“அம்மன் கொடைக்கு அம்மன் காத்த நிறுத்தமாட்டாளா?”

“போன கொடைக்குப் பந்தலே பறந்துச்சு.”

“அது பந்தக்காரன் சரியாக் கட்டல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன மாப்ளே, படிச்ச மனுசன் நீங்க. ஒண்ணும் சொல்லாம இருக்கிய?”

நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பவன் என்பது என் கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தை அவர் மாற்றியபோதே அவருக்குத் தெரியும். கேட்பது ஒரு மரியாதைக்கு. “பாத்துச் செய்யலாம் அத்தான்” என்றேன். என் கல்லறையில் இந்த மூன்று சொற்களைப் பொறிக்கலாம். எங்களில் எரிப்பது வழக்கம் என்பதால் அந்தச் செலவும் மிச்சம்.

அவர் போனதும் குழலி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “அப்பா, மொளப்பாரி ஊர்வலம், குளத்தங்கரை, நல்ல காத்து. வெட்டாம ஒரே ஷாட். கட்ச்சுக்கு அனுப்ப இதவிட என்ன வேணும்?”

அவள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜூலை 9, புதன்

22. முப்பத்து மூன்று என்றேன். திருத்தம் சற்றுக் கூடிவிட்டது. ஈரப்பதத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று என்னிடம் எண் கேட்கவில்லை. “வாங்க, குளத்துக்குப் போவோம்” என்றாள்.

குளத்தில் கால்வாசித் தண்ணீர். மேற்குக் கரையின் உள்ளே நின்றால் காற்று தலைக்கு மேலே போகிறது. கரைமேல் ஏறி நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை. தரையை ஒட்டிய காற்று உராய்வால் தளரும், உயரே போகப் போக வலுக்கும். இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டே என் கை தேய்ந்தது. கரைமேல் ஏறிப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. என்னிடம் படித்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

குழலி முதலில் ட்ரோனைக் காற்றை எதிர்த்து மேற்கே அனுப்பினாள். போகும்போது பேட்டரி நிறைய இருக்கும், கஷ்டத்தை அப்போதே பட்டுவிடவேண்டும், களைத்து வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்றாள். நேர்மாறாகச் செய்கிறவர்கள்தான் தொலைக்கிறார்களாம். பின்காற்றில் ஜோராகப் போய்விட்டு, திரும்பும்போதுதான் காற்று இருப்பதே அவர்களுக்குத் தெரியும்.

ரிமோட்டில் வீடு வரைந்த ஒரு பொத்தான் இருக்கிறது. “இத அமுக்குனா தானா வந்துருமாம்மா?” என்று கேட்டேன்.

“காத்து இல்லாத அன்னைக்கு வரும். அமுக்குனதும் மரத்துல முட்டாம இருக்க மொதல்ல மேல ஏறும்ப்பா. அங்க காத்து இன்னும் மோசம். இது முன்னால வரப் பாக்கும், காத்து பின்னால தள்ளும். வீட்டுக்கு வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டே தூத்துக்குடிக் கடலுக்குப் போயிரும்.”

“பெறகு என்னதான் செய்ய?”

“கீழ எறக்கணும். தரைய ஒட்டிக் கொண்டுவரணும். அப்பிடியும் வரலேன்னா, எங்க எடம் கெடைக்கோ அங்க எறக்கிட்டு நாமதான் நடந்து போயி எடுக்கணும். வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே நின்னா பேட்டரிதான் தீரும்.”

சாதனத்தைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அதன் அடிவயிற்றில் இரண்டு சிறு கண்கள் உண்டு. தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்ப்பது அவற்றால். நான் கையை அடியில் நீட்டிக் காட்டியபோது ட்ரோன் என் கையைத் தரை என்று எண்ணி, பதறிக்கொண்டு மேலே விலகியது. குழலி சிரித்தாள். “உங்கள மாதிரிதாம்ப்பா, பக்கத்துல எது வந்தாலும் பயம்.”

ஜூலை 18, வெள்ளி

கமிட்டிக் கூட்டம். குழலியும் நானும் போனோம். அம்மன் தலைக்கு மேலே இயந்திரம் பறக்கலாமா என்ற கேள்வியை ஒருவர் எழுப்பினார். காக்கா பறக்கிறதே என்று இன்னொருவர். காக்கா முன்னோர், இது என்ன முன்னோர் என்று முதலாமவர். இப்படிப்பட்ட தர்க்கத்தைக் கேட்க நியாய சாஸ்திரம் கொடுத்துவைக்கவில்லை.

கடைசியில் பூசாரி மாசானம், புது வண்டிக்குச் செய்வதுபோல இதற்கும் பூசை போட்டுவிட்டால் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது.

“வண்டின்னா வீலுக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கலாம். இதுக்கு வீலே இல்லியே?”

“றெக்கைக்கு அடியில வைங்க.”

“றெக்கைக்கு அடியில வச்சா நசுங்காதே வே. நசுங்கலேன்னா திருஷ்டி எப்பிடிக் கழியும்?”

“சுத்திப் போட்டு ஒடச்சிருவோம்.”

“வண்டிக்கு ஒரு முறை, இதுக்கு ஒரு முறையா?”

கோயிலுக்குக் கழிப்பறை கட்டும் விஷயம் அதே கூட்டத்தில் ஒரு கொட்டாவிக்குள் முடிந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் முடியவில்லை. “அத நான் பாத்துக்கிடுதேன்” என்று அத்தான் கூட்டத்தை முடித்தார். வரும் வழியெல்லாம் குழலி சிரித்துக்கொண்டே வந்தாள். நான் பல் தெரியாமல் சிரித்தேன். பின்னால் அத்தான் வந்துகொண்டிருந்தார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. செண்பகத்துக்குப் படைத்தோம். வாழைக்காய், பூசணி, அவளுக்குப் பிடித்த உளுந்தங்கஞ்சி. காக்கை உடனே வந்தது. குற்றாலிங்கம் அத்தானின் தங்கைதான், ஆனாலும் அழைத்தால் தாமதிக்கும் வழக்கம் அவளுக்கு மட்டும்தான் அந்தக் குடும்பத்தில் இல்லை.

இலையை எடுக்கும்போது குழலி கேட்டாள். “எனக்கு அந்த வேலை கெடச்சிட்டுன்னா நீங்க என்னப்பா செய்வீங்க?”

“சிலிண்டர் பதிய எனக்குத் தெரியும்” என்றேன்.

“நான் சிலிண்டரக் கேக்கல.”

“பால்காரருக்கும் நானே சொல்லிக்கிடுவேன். மாத்திரை டப்பாவுல கிழமை எழுதியிருக்கு.”

சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு இலையை மடித்துக்கொண்டு போனாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சரியான விடைதான் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் 20. முப்பத்து நான்கு என்றேன். இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஆதாரம் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

28. அவள் கேட்கவில்லை. நானும் எதையும் கூட்டவில்லை. மாடித் தொட்டியின் மூடிமேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு இறங்கினேன்.

ஜூலை 30, புதன்

நேற்று கொடை. இன்றுதான் எழுதுகிறேன்.

மத்தியானம் குளத்தங்கரையில் முளைப்பாரி கூடியது. பெண்கள் வரிசையாகத் தலையில் பச்சையை ஏந்தி நிற்க, மேளக்காரர்கள் காற்றோடு போட்டி போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அத்தான், “ஆகாய மார்க்கமாகப் படம்பிடிக்கும் நிகழ்ச்சி” என்று அறிவித்துக்கொண்டிருந்தார். கரையடியில் ஒரு பாயை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, நடுவில் ட்ரோனை வைத்திருந்தாள் குழலி. தரையிலிருந்து தரைவரை வெட்டாமல் வேண்டும் என்பதால் அங்கேயே பதிவைத் தொடங்கிவிட்டு, கரைமேல் ஏறி ரிமோட்டுடன் நின்றாள். நான் பாய்க்கு எதிரே காற்றுமானியுடன் நின்றேன்.

அத்தான் தாம்பாளத்துடன் வந்தார். சந்தனம், சூடம், மல்லிகைச்சரம். கேமராக் கண்ணாடியில் குங்குமம் படக்கூடாது என்று குழலி முன்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அவர் மதித்தார். சூடம் காட்டினார். பிறகு மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். சின்னப் பழம், அளவு பார்த்துப் பொறுக்கியது. அதில் ஏற்கெனவே மஞ்சள் நூல் கோத்திருந்தது. ட்ரோனைத் தூக்கி, கைக்குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதுபோல அடிவயிற்றில் கட்டி, மறுபடி பாயில் வைத்தார். சரியாக அந்த இரண்டு கண்களுக்குக் கீழே.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை உயர்த்தினேன். ‘அத்தான்’ என்ற சொல்லின் முதல் எழுத்துவரை வந்தது. மேளம் பலமாக இருந்தது. யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

குழலிக்கு வெயிலில் திரை தெரியவில்லை; மாமா பொட்டு வைக்கிறார் என்று நினைத்தாளாம். அத்தான் விலகியதும் ட்ரோனைக் கிளப்பினாள். பெண்கள் குலவையிட்டார்கள். ட்ரோன் எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது.

கரைமேல் ஏறி அவள் பக்கத்தில் போனேன். கட்டைவிரலால் ரிமோட்டின் குச்சியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தாள். “எறங்கு, எறங்கு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அது தரை தன் வயிற்றை உரசுகிறது என்று நம்பி, இன்னும் இன்னும் விலகி மேலே போனது. பனை உயரத்தைத் தாண்டியதும் காற்று அதைப் பிடித்துக்கொண்டது. மூக்கை மேற்கே காட்டிக்கொண்டு கிழக்கே நகர ஆரம்பித்தது. பனங்காட்டைத் தாண்டி, உளுந்து வயல்களைத் தாண்டி, காற்றாலைகள் நிற்கும் பக்கமாகப் புள்ளியாகிக்கொண்டிருந்தது. திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன.

“அப்பா, காத்து எவ்வளவு?” திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“முப்பத்தாறு.”

“கூட்டாமச் சொல்லுங்கப்பா.”

ஒரு நொடி எனக்கு மேளச் சத்தமே கேட்கவில்லை.

“கூட்டல. முப்பத்தாறுதான்” என்றேன். பிறகு, “அடியில எலுமிச்சம்பழம் கட்டியிருக்கு. அந்தக் கண்ணுக்குக் கீழ. நான் பாத்தேன்” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை, இருந்தும் பார்த்தாள்.

அதற்குள் அத்தான் மூச்சிரைக்க ஏறி வந்துவிட்டார். “ஏட்டி, வீட்டுக்கு வாரதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கும்லா, அத அமுக்கு. நான் போன்ல பாத்திருக்கேன். இந்தா இதுதான்.” சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார். கமிட்டித் தலைவரின் விரல் நீளும்போது விலகி நிற்பதுதான் ஊர் வழக்கம். அது பொத்தானை எட்டும் முன் யாரோ அவர் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பார்த்தால் என் கை.

“கைய எடுங்க அத்தான்.”

“என்ன மாப்ளே?”

“அமுக்குனா இன்னும் மேல ஏறும். போயிரும். கைய எடுங்கன்னு சொல்லுதேன்.”

குலவை நின்றுவிட்டது. என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. கல்லூரியில் கடைசி பெஞ்சுக்குக் கேட்காத குரல். அத்தான் என் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒங்களுக்குச் சத்தமெல்லாம் வருமா மாப்ளே?” என்றார். கேலியா, உண்மையான ஐயமா என்று தெரியவில்லை. நான் கையை விடவில்லை.

குழலி திரைக்குள் எங்கோ போய் அந்த அடிக்கண்களை வேலை செய்யாமல் நிறுத்தினாள். குச்சியை மறுபடி கீழே இழுத்தாள். இந்த முறை அது சொன்ன பேச்சைக் கேட்டது. தென்னை உயரம், வேப்பமர உயரம், ஆள் உயரம். கீழே வந்தும் எதிர்காற்றில் முன்னேறவில்லை. பேட்டரியும் முடியும் நிலை. “வராதுப்பா” என்றாள். அதற்கு மேல் அழைக்கவில்லை. காற்றாலை ஒன்றின் அடியில் அறுத்துப் போட்ட உளுந்து வயலில் இறக்கிவிட்டாள். திரையில் புழுதியும் தட்டைகளும் தெரிந்தன. பிறகு அசைவில்லை.

எடுக்க நாங்கள் இருவரும் நடந்தோம். பின்காற்று, என்னைப் போன்றவன்கூட வேகமாக நடக்கமுடிந்தது. பாதி வயல் தாண்டிய பிறகு கேட்டேன்.

“எப்பத் தெரியும்?”

“ரெண்டாம் நாளே. கொடியில உங்க வேட்டி பறக்காமத் தொங்குது, நீங்க மாடியில இருந்து எறங்கி வந்து முப்பத்தி ரெண்டுங்கீங்க. வேட்டிக்குள்ள கல்லையா கட்டித் தொங்கவிட்டிருக்கேன்?”

“பெறகு ஏன் பெட்டிய மூடி மூடி வச்ச?”

அவள் ஒரு வரப்பைத் தாண்டிவிட்டு எனக்குக் கை கொடுத்தாள். “எறங்கி வரும்போது உங்க மொகம் பரீட்ச எழுதப் போறவன் மாதிரி இருக்கும். பெயிலாக்க மனசு வரலப்பா. நீங்க தூங்குன பெறகு மத்தியானத்துல போயிப் பழகிக்கிட்டேன்.”

எலுமிச்சம்பழத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. விளக்கம் என்னிடம் இருந்தது. ஆனால் அது திருத்தப்பட்ட விளக்கமாக இருந்திருக்கும்.

ட்ரோன் தட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு இறக்கையில் கீறல். எலுமிச்சம்பழத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஊர் முழுக்க ஒரே பேச்சு: முப்பத்தாறு கிலோமீட்டர்க் காற்றில் போன ட்ரோனை அம்மனுக்கு வேண்டிக் கட்டிய எலுமிச்சம்பழம் காப்பாற்றியது. “பழம் நசுங்காம வந்துச்சு பாத்தியளா” என்று அத்தான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் நசுங்காவிட்டால் திருஷ்டி கழியாது என்று வாதாடியவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பழம் இப்போது அத்தான் வீட்டுப் பூசையறையில். என் படிப்புக்கு இந்த ஊர் தந்திராத இடம்.

வீடியோவை இருவரும் பார்த்தோம். முதலில் அத்தானின் தொந்தி. அது விலகியதும் நான். கை பாதி உயர்ந்து நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. பாயில் மூலைக் கல்லுக்கு இருக்கும் உணர்ச்சிகூட அந்த முகத்தில் இல்லை என்று எழுத ஆசை, ஆனால் இருந்தது. குழலி அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

“இத வெட்டிரலாமா?” என்று கேட்டேன்.

“வெட்டாம அனுப்பணும்ப்பா.”

அனுப்பிவிட்டாள். ஆகவே கட்ச்சில் யாரோ ஒரு பொறியாளர், ஓர் இறக்கையைச் சோதிப்பதுபோல என்னைச் சோதித்துக்கொண்டிருப்பார். விரிசல் எங்கே என்று தேட அதிகம் கஷ்டப்படவேண்டாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. போனில் பேசியவர் சொன்னாராம்: காற்றில் பறப்பதை எல்லோரும் அனுப்பினார்களாம், கைவிட்டுப் போனதை மீட்டு, திரும்பாது என்று தெரிந்ததும் அடம்பிடிக்காமல் இறக்கியதை இவள் மட்டும்தான் அனுப்பினாளாம். இறங்கத் தெரிந்த ஆள்தான் தங்களுக்கு வேண்டும் என்றாராம். அத்தான் இதையும் பழத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

குழலியின் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். அது பெட்டிக்குச் சேரவில்லை. மாற்றித் தரச் சொல்லி நானே போய்க் கேட்டேன். கடைக்காரன் மாற்றித் தந்துவிட்டான். இவ்வளவு நாளும் எல்லோரும் மாற்றித் தந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாயங்காலம் ரயில். காலையில், வீட்டை ஒரு தடவை மேலிருந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். “காத்து எவ்வளவுப்பா?” என்று முற்றத்திலிருந்து கேட்டாள்.

மாடியில் காற்றுமானியைப் பிடித்தபடி நின்றேன். 29 காட்டியது. இரண்டைக் கூட்டினால் போதும். இதற்கு ஈரப்பதம்கூடத் தேவையில்லை.

“இருபத்தொம்பது” என்றேன்.

கீழே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ட்ரோன் முதலில் மேற்கே, காற்றை எதிர்த்துப் போனது. பிறகு திரும்பி மாடிக்கு மேலே வந்து சற்று நின்றது. அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான் அண்ணாந்து நின்றேன். படத்தில் ஒரு தொட்டி, ஒரு செங்கல், ஒரு வழுக்கை இருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

சாம்பாரில் உப்பு அதிகம். செய்தவனுக்குச் சொல்லியாயிற்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

குழலி மத்தியானம் போனில் பேசினாள். அங்கே மரமே இல்லையாம், கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள்தானாம். காற்றுக்கு ஒதுங்க ஒரு குளத்தங்கரைகூடக் கிடையாது என்றாள். முதல் வாரத்திலேயே ஒரு இறக்கையின் நுனியில் விரிசல் கண்டுபிடித்திருக்கிறாள். மேலதிகாரி அவள் பெயரை முழுதாகச் சொல்ல முயன்று பாதியில் நிறுத்திவிடுகிறாராம்.

“அங்க காத்து எவ்வளவுப்பா?” என்றாள்.

“பதினெட்டு.”

“நெசமாவா?”

“கொடியில வேட்டி பறக்கல.”

சிரித்தாள். பிறகு, “சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. காலையிலிருந்தே தோன்றவில்லை.

“சாப்பிட்டாச்சும்மா” என்றேன். இது பொய் அல்ல, திருத்தம்.